மண்ணரிப்பும் ஓடை வண்டலும்

ஏரி தூர்ந்தது என்றால் ஏரியைத் தோண்ட வேண்டும் என்பர். ஆறு கரைபுரண்டது என்றால் கரையை உயர்த்த வேண்டும் என்பர். இவ்விரண்டும் வேண்டுவனவே. ஆயினும், ஏரியின் அடியிற் கிடக்கும் வண்டல் எங்கிருந்து வந்தது, எப்பொழுது வந்தது, இன்னும் எத்துணைக் காலம் வந்துகொண்டிருக்கும் என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. அவ்வண்டல் ஒரு காலத்தில் யாரோ ஒரு குடியானவருடைய வயலின் மேல்மண்ணாய் இருந்தது. அவர் இழந்த மண்ணே பிறருடைய நீர்நிலையை நிரப்பிற்று. ஓரிடத்து இழப்பு மற்றோரிடத்துச் சுமையாவதை இதனினும் தெளிவாகக் காட்டவல்லது பிறிதொன்று இல்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவாகும்: ஒரு சிறு நிலப்பரப்பில் காடு வயலாகவும், வயல் புல்வெளியாகவும், புல்வெளி ஊராகவும் மாறுங்கால், அந்நிலத்தின் மண்ணுக்கும் அதன் ஓடைக்கும் நேர்வன யாவை? இதனைப் பொதுவிதிகளால் மட்டும் கூறாது, நன்கு அளந்தறியப்பட்ட ஓர் ஓடையின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகின்றோம். அவ்வரலாற்றினின்று நாம் பெறும் முடிபு, முதலிற் கேட்போர்க்கு வியப்பைத் தருவதாகும். அஃதாவது, ஓடையின் முகத்தில் நின்று நீரை மட்டும் பார்ப்பவர் மேட்டு நிலத்தின் நலிவையும் அறியார். அதன் மீட்சியையும் அறியார் என்பதே.

நீர்பிடிப்புப் பகுதி

ஓர் ஓடைக்கோ ஏரிக்கோ எந்நிலத்தின்மீது பெய்யும் மழைநீர் வடிந்து வந்து சேர்கின்றதோ, அந்நிலம் முழுவதையும் அதன் நீர்பிடிப்புப் பகுதி என்கின்றோம். சுற்றியுள்ள மேட்டின் முகடே அதன் எல்லை. முகட்டின் இப்பக்கம் விழுந்த துளி இவ்வோடைக்கும், அப்பக்கம் விழுந்த துளி அடுத்த ஓடைக்கும் உரியது.

பெரிய ஆறுகளை விடுத்துச் சிறிய ஓடைகளை ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. காவிரியைப் போன்ற பேராற்றில் பல நாட்டு மழையும், பல வகை மண்ணும், பல்வேறு தொழில்களும் ஒன்றாய்க் கலந்து நிற்கின்றன. இன்ன காரணத்தால் இன்ன விளைவு நேர்ந்தது என்று பிரித்துரைப்பது அரிது. சிறு நீர்பிடிப்பிலோ காரணமும் காரியமும் அருகருகே நிற்கின்றன. ஒரு மலைச்சரிவில் மரம் வெட்டப்பட்டால், அடுத்த மழையிலேயே அதன் அடியில் ஓடும் ஓடை கலங்குவதைக் காணலாம்.

மழைத்துளியின் தொழில்

மண்ணை அரிப்பது ஓடுகின்ற நீரே என்று நெடுங்காலம் மக்கள் எண்ணியிருந்தனர். ஓடும் நீர் மண்ணைச் சுமந்து செல்வது உண்மையே; ஆனால் மண்ணை முதலிற் கட்டவிழ்ப்பது விழுகின்ற துளியாகும். பெருந்துளி ஒன்று நொடிக்கு ஏறக்குறைய 30 அடி வேகத்தில் நிலத்தை வந்து தாக்குகின்றது. வெறும் நிலத்தில் அத்துளி ஒரு சிறு குண்டைப்போல் வெடித்து மண்கட்டிகளைச் சிதறடிக்கின்றது. சிதறிய நுண்டுகள்கள் மண்ணின் கண்களை அடைத்துவிடுகின்றன. பின்னர் நீர் உள்ளே இறங்க வழியின்றி நிலத்தின்மேல் ஓடத் தொடங்குகின்றது.

ஓட்டம் முதலில் மெல்லிய படலமாய் நிலம் முழுதும் பரவி மண்ணைச் சிறிது சிறிதாகக் களைகின்றது. இதனைக் கண்ணாற் காண்பது கடினம். பின்பு நீர் ஒன்றுகூடி விரற்கடை ஆழமுள்ள சால்களை உண்டாக்குகின்றது. உழவர் அடுத்த உழவில் அவற்றை மூடிவிடுவதால், இழப்பும் அவர் கண்ணுக்கு மறைந்துபோகின்றது. சால்கள் பெருத்து ஏரும் கடக்கவொண்ணாப் பள்ளங்களாகிய பிறகே அவர் திடுக்கிடுகின்றார். அதற்குள் அவருடைய மேல்மண்ணிற் பெரும்பகுதி நீங்கியிருக்கும்.

காட்டிலும் அடர்ந்த புல்வெளியிலும் இத்தொழில் நடவாமைக்குக் காரணம் யாது? மேலே இலையும், கீழே சருகும், அதன் கீழே வேரும் எனக் காப்பு மூன்றடுக்காய் அமைந்துள்ளது. இவற்றுள் நிலத்தை ஒட்டிக் கிடக்கும் சருகே தலையாயது. உயர்ந்த மரத்தின் இலையிற் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியினும் பெரிதாதல் உண்டு; ஆதலின், மரம் இருந்தும் அதன் அடியிற் சருகு கூட்டியெடுக்கப்பட்டு, ஆடுமாடுகள் மேய்ந்து வெறுமையான தோப்பு மண்ணைக் காப்பதில்லை. மரத்தை எண்ணிக் காட்டை மதிப்பிடுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சிறு பாத்திகள் கற்பித்த பாடம்

பயிர்மாற்றம் மண்ணிழப்பை எவ்வளவு மாற்றும் என்பதை முதன்முதலில் முறையாக அளந்தவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டு மிசௌரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்லர், டூலி என்னும் இருவர் ஆவர். 1917-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரே மண்ணும் ஒரே சரிவும் உடைய சிறு பாத்திகளை அமைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தொட்டி வைத்து, மழையோடு வந்து விழும் மண்ணை நிறுத்தனர். அச்சரிவு செங்குத்தானதன்று, 100 அடி நீளத்துக்கு 4 அடியும் தாழாத மெல்லிய சரிவே.

பதினான்கு ஆண்டுச் சராசரியாக அவர்கள் கண்ட கணக்கு வருமாறு: உழுது பயிரிடாது விட்ட நிலம் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 41 டன் மண்ணை இழந்தது. ஆண்டுதோறும் மக்காச்சோளமே விளைத்த நிலம் 19.7 டன் இழந்தது. கோதுமையே விளைத்த நிலம் 10.1 டன் இழந்தது. மக்காச்சோளம், கோதுமை, தீவனப்புல் என மாற்றி மாற்றி விளைத்த நிலம் 2.7 டன் மட்டுமே இழந்தது. எப்பொழுதும் புல் மூடிய நிலமோ ஏக்கருக்கு 0.34 டன் அளவே இழந்தது.

இவ்வெண்களை வேறொரு வகையாற் சொன்னால் அவற்றின் பொருள் நன்கு விளங்கும். ஏழு அங்குல மேல்மண் முழுவதும் நீங்குவதற்கு, வெறுமையாய் உழுது விட்ட நிலத்தில் 24 ஆண்டுகள் போதும். இடையறாத மக்காச்சோள நிலத்தில் 50 ஆண்டுகள் போதும். மாற்றுப்பயிர் நிலத்தில் 368 ஆண்டுகள் வேண்டும். புல் நிலத்தில் ஏறக்குறைய 3,000 ஆண்டுகள் வேண்டும். மழை ஒன்றே, மண் ஒன்றே, சரிவும் ஒன்றே. மாந்தர் அந்நிலத்தைக் கையாண்ட முறை மட்டுமே வேறு. மிகுதிக்கும் குறைவுக்கும் இடையே உள்ள வேற்றுமை நூறு மடங்கினும் மிகையாதல் காண்க.

ஆனால் பாத்தி வேறு, பள்ளத்தாக்கு வேறு. பாத்தியின் அடியில் தொட்டி ஒன்று உண்டு. சரிவை விட்ட மண் உடனே அதில் விழுந்துவிடும். பள்ளத்தாக்கிலோ சரிவுக்கும் ஓடையின் முகத்துக்கும் இடையே வரப்புகளும், அடிவாரங்களும், தாழ்ந்த வெளிகளும் உள்ளன. சரிவை விட்ட மண் எங்கே செல்கின்றது, எங்கே தங்குகின்றது என்பதைப் பாத்தி நமக்குச் சொல்லாது. அதனை அறிதற்கு ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும், பல தலைமுறைகள் தொடர்ந்து அளந்திருக்க வேண்டும். அவ்வாறு அளக்கப்பட்ட ஓர் ஓடையை இனிக் காண்போம்.

கூன் கிரீக் ஓடை

அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாகாணத்தின் தென்மேற்கில், மிசிசிப்பி ஆற்றில் வந்து கலக்கும் கூன் கிரீக் என்னும் ஓடை ஒன்றுண்டு. அதன் நீர்பிடிப்பு சுமார் 140 சதுர மைல். பழைய பனியாறுகள் சுற்றுப்புறங்களைத் தேய்த்துச் சமமாக்கியபோது அவ்வட்டாரத்தை மட்டும் தீண்டாது சென்றன. ஆகவே அங்கே குறுகிய முகடுகளும், செங்குத்தான சரிவுகளும், ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் அப்படியே நிலைத்துள்ளன. முகடுகளின்மேல் காற்றுக் கொணர்ந்து குவித்த மென்மையான நுண்மண் படிந்திருந்தது. அம்மண் உழுதற்கு எளியது, அரிக்கப்படுதற்கும் எளியது.

பன்னூறாண்டுகளாக அங்கு ஹோ-சங்க் என்னும் பழங்குடியினர் வாழ்ந்தனர். முகடுகளிற் புல்வெளிகளும், சரிவுகளிற் கருவாலி முதலிய மரங்களும் நிறைந்திருந்தன. 1850-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஐரோப்பியக் குடியேறிகள், அவருள்ளும் நார்வே நாட்டினர் பலர், அங்கு வந்து நிலம் கொண்டனர். முதலிற் கோதுமை விளைத்தனர். நிலத்தின் வளம் குன்றியதாலும் பூச்சித் தொல்லையாலும் கோதுமை கைவிடவே, பால்பண்ணைத் தொழிலை மேற்கொண்டனர். மாட்டுத் தீவனத்துக்காக முகட்டில் மக்காச்சோளமும் ஓட்ஸும் விளைக்கப்பட்டன. செங்குத்தான மரச்சரிவுகள் மேய்ச்சலுக்கு விடப்பட்டன.

அவர்களுடைய வயல்கள் சதுரமும் நீள்சதுரமுமாக அளந்து வேலியிடப்பட்டவை. வேலி நேர்கோட்டிற் செல்ல, ஏரும் நேர்கோட்டிற் சென்றது. மேட்டினின்று பள்ளத்துக்கு இறங்கிய ஒவ்வோர் உழவுச் சாலும் நீர் ஓடுதற்கு வெட்டிய வாய்க்கால் போலாயிற்று. சமவெளி நாட்டில் பழகிய உழவு முறையை மலைநாட்டிற் கையாண்டதே அவர்தம் துன்பத்துக்கு வித்து.

ஈண்டு நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. காடு வெட்டிய உடனே பேரழிவு நேர்ந்திலது. பழைய புல்வெளியும் காடும் மண்ணில் விட்டுச்சென்ற மக்கு, கடற்பஞ்சைப் போல் நீரை உள்வாங்கிக்கொண்டே இருந்தது. அச்சேமிப்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செலவாயிற்று. 1920-க்கும் 1940-க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அரிப்பு உச்சத்தை எட்டிற்று. ஓடையின் கீழ்ப்பகுதிப் பள்ளத்தாக்கில் அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 6 அங்குல வண்டல் படிந்தது. வேலிக் கால்கள் புதைந்தன. பாலங்களின் கீழ் நீர் செல்ல இடமின்றிப் போயிற்று. அண்டை மாகாணமாகிய மின்னெசோட்டாவில், இதே வகை நிலத்தில் அமைந்த பீவர் என்னும் ஊர், 1938-ஆம் ஆண்டில் மட்டும் 28 முறை வெள்ளத்தில் மூழ்கிற்று; பின்னர் அதன் குடிகள் அவ்வூரையே விட்டு நீங்கினர். தாத்தா வெட்டிய காட்டின் கடனைப் பேரன் செலுத்தினான் என்பது இதற்குப் பொருந்தும்.

மீட்சி

1933-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் மண்ணரிப்புத் தடுப்புத் துறை ஒன்றை நிறுவிற்று. அதன் தலைவராகிய ஹியூ ஹாமண்ட் பென்னட், நாட்டின் முதல் மாதிரி நீர்பிடிப்பாகக் கூன் கிரீக் பகுதியைத் தேர்ந்தெடுத்தார். அப்பகுதிக் குடியானவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டனர். அரசாங்கம் விதையும், சுண்ணாம்பும், வேலிக் கம்பியும், ஆள் உதவியும் தந்தது. குடியானவர் தம் நிலத்தைப் புதிய முறையில் உழுவதாக வாக்களித்தனர். வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அமைந்த இயற்கைப் பாதுகாப்புப் படையினர் வந்து மரம் நட்டனர், பள்ளங்களை அடைத்தனர். இயற்கைப் பாதுகாப்பு அறிஞர் ஆல்டோ லியோப்பால்டு 1935-இல் இப்பணியைக் கூட்டுறவு முயற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டாகப் போற்றி எழுதினார்.

அவர்கள் செய்தவை அருஞ்செயல்கள் அல்ல. மேடு பள்ளமாக உழுவதை விடுத்து, ஒரே உயரத்தில் மலையைச் சுற்றி வளைத்து உழுதனர். மக்காச்சோளம் ஒரு பட்டையும், குதிரைமசால் முதலிய தீவனப்புல் ஒரு பட்டையுமாக மாற்றி மாற்றி விளைத்தனர்; ஒரு பட்டையில் கட்டவிழ்ந்த மண்ணை அடுத்த பட்டையிலுள்ள புல் தடுத்து நிறுத்திற்று. பயிர்ச்சுழற்சியில் புல்லுக்குரிய ஆண்டுகளை நீட்டினர். செங்குத்தான மரச்சரிவுகளுக்கு வேலியிட்டு மாடுகளை விலக்கினர்.

பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்ட ஓர் உண்மை கருதத்தக்கது. 1930-களுக்கும் 1970-களுக்கும் இடையே உழுநிலத்தின் பரப்பில் பெருமாற்றம் ஏற்படவில்லை. நிலத்தை எதற்குப் பயன்படுத்தினர் என்பதைக் காட்டிலும், எவ்வாறு பயன்படுத்தினர் என்பதே பெரிதும் மாறிற்று. உழவையே கைவிட்டால்தான் மண் பிழைக்கும் என்று கருதுவோர்க்கு இஃதொரு நல்ல விடையாகும்.

வண்டலின் வரவு செலவு

1930-களின் இறுதியில் ஆய்வாளர்கள் பள்ளத்தாக்கின் குறுக்கே பல இடங்களில் கோடு பிடித்து அளந்து, துளையிட்டும் பார்த்தனர். மேலே வெளிறிய புதிய வண்டலும், அதன் கீழே பழைய வெள்ளவெளியின் கருமண்ணும் தெளிவாகத் தெரிந்தன. அக்கருமண்ணே குடியேற்றத்துக்கு முந்தைய நிலமட்டம். ஸ்டான்லி டிரிம்பிள் என்னும் புவியியல் அறிஞர் 1970-களிலும் 1990-களிலும் அதே கோடுகளை மீண்டும் தேடிச் சென்று அளந்தார். இவ்வாறு ஒரு வணிகர் தம் பேரேட்டில் வரவு செலவு எழுதுவதைப் போல, 1853 முதல் 1993 வரையுள்ள 140 ஆண்டுகளுக்கும் அவ்வோடையின் மண்கணக்கு எழுதப்பட்டது.

அக்கணக்கு காட்டியது யாது? முதலாவது, மேட்டு நிலத்தின் அரிப்பு வெகுவாகக் குறைந்தது. 1930-களில் பள்ளத்தாக்கில் வண்டல் சேர்ந்த விரைவோடு ஒப்பிட, 1975-க்குப் பிற்பட்ட காலத்தில் சேர்ந்தது நூற்றுக்கு 6 பங்கு அளவே. குடியானவர்களின் உழைப்பு வீண்போகவில்லை. நீர் மண்ணுள் இறங்கியதால் திடீர் வெள்ளம் தணிந்தது. கோடையிலும் ஓடை வற்றாது ஓடிற்று. குளிர்ந்த தெளிநீரை விரும்பும் டிரௌட் மீன்களும் பெருகின.

இரண்டாவது, மேட்டில் நடந்த இத்துணை மாற்றமும் ஓடையின் முகத்தில் தெரியவில்லை. மேட்டு நிலம் பாழாகிக்கொண்டிருந்த காலத்திலும், அது நலம்பெற்ற காலத்திலும், கூன் கிரீக் ஆண்டுதோறும் மிசிசிப்பியிற் சேர்த்த வண்டல் ஏறக்குறைய ஒரே அளவாகச் சுமார் 40,000 டன் என்றே நின்றது. ஓடைமுகத்தில் மட்டும் ஒருவர் அளந்துகொண்டிருந்தால், அழிவுக் காலத்தில், "இங்கே தீங்கொன்றும் இல்லை" என்று எழுதியிருப்பார். மீட்சிக் காலத்தில், "இத்துணைப் பணத்தாலும் பயன் விளையவில்லை" என்று எழுதியிருப்பார். இரண்டும் தவறாகும்.

இதற்குக் காரணம் யாதெனின், பள்ளத்தாக்கு ஒரு கிடங்காகப் பணிபுரிந்தமையே. 1853 முதல் 1975 வரை மாந்தர் செயலால் அரிக்கப்பட்ட மண்ணில், நீர்பிடிப்பை விட்டு வெளியேறியது நூற்றுக்கு 7 பங்கினும் குறைவு. எஞ்சியது அடிவாரங்களிலும் வெள்ளவெளிகளிலும் தங்கிற்று. வரவு மிகுந்த காலத்தில் கிடங்கு நிறைந்தது. வரவு குறைந்தபின், மண் குறைந்த நீர் வலிமை பெற்று, பள்ளத்தாக்கின் மேற்பகுதியிலுள்ள பழைய வண்டற்கரைகளையே அரித்துக் கீழே கொண்டுசென்றது. இன்று அவ்வோடையிற் கலங்கிச் செல்லும் நீரில், மறைந்துபோன தலைமுறையினர் உழுத வயல்களின் மண்ணும் கலந்துள்ளது.

எனவே நிலப்பயன் மாற்றத்துக்கும் வண்டலுக்கும் இடையே காலத்தாழ்வு இருவகையாய் நிற்கின்றது. காடழித்தலுக்கும் அரிப்பின் உச்சத்துக்கும் இடையே ஒரு தாழ்வு. சரிவின் மீட்சிக்கும் ஓடையின் மீட்சிக்கும் இடையே மற்றொரு தாழ்வு. முன்னது மக்களை ஏமாற்றி அச்சமின்றி இருக்கச் செய்கின்றது; பின்னது அவர்களை ஏமாற்றி நம்பிக்கையிழக்கச் செய்கின்றது.

பெற்ற மீட்சியும் என்றும் நிலைப்பதன்று. அவ்வட்டாரத்திலும் பால்பண்ணைகள் குறைந்து, தீவனப்புல் இருந்த இடங்களில் மக்காச்சோளமும் சோயாமொச்சையும் வந்துள்ளன. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் பெய்த பெருமழையில் கூன் கிரீக் நீர்பிடிப்பில் மூன்றும், அடுத்த நீர்பிடிப்பில் இரண்டுமாக ஐந்து வெள்ளத்தடுப்பு அணைகள் உடைந்தன. அணை நீரை ஒரு நாள் தடுக்கலாம். மழை விழுகின்ற ஒவ்வோர் அடி நிலத்திலும் நீரை நிறுத்தவல்லது மண்ணின் நலமே.

நகரம் எழும் இடத்தில்

உழவினும் மிகுதியாக மண்ணை இழக்கச் செய்வது கட்டட வேலை. மேரிலாந்து மாகாணத்தில் பால்ட்டிமோர், வாஷிங்டன் நகரங்களைச் சூழ்ந்த ஓடைகளை ஆராய்ந்த கோர்டன் உல்மன் என்பார், 1967-இல் இதனை ஒரு சுழற்சியாக விளக்கினார். காடாயிருந்தபோது சதுர மைலுக்கு ஆண்டில் 100 டன்னுக்கும் குறைவாக இருந்த வண்டல், வயலானபோது சில நூறு டன்னாயிற்று. வீடு கட்டுதற்கு நிலம் முழுதும் கிளறப்பட்டபோது சிறு பகுதிகளில் அது 1,00,000 டன்னையும் கடந்தது. தெருக்களும் கூரைகளும் நிலத்தை மூடியபின் வண்டல் மீண்டும் குறைந்தது. ஆயினும் மண்ணுள் இறங்கவியலாத மழைநீர் முழுவதும் ஒரே பாய்ச்சலாய் ஓடைக்கு வந்து, கரைகளை இடித்து, ஓடையை அகலமாக்கிற்று. ஓராண்டே நீடிக்கும் கட்டட வேலை ஓடைக்குப் பல ஆண்டுச் சுமையைத் தருவதை இதனால் அறியலாம்.

நம் பக்கத்து மலைகளும் ஏரிகளும்

இவை யாவும் அயல்நாட்டுச் செய்திகள் என்று நாம் கைவிடுதற்கில்லை. இலங்கையின் மலைநாட்டிற் காடழித்து முதலிற் காப்பியும், 1869-இல் தோன்றிய இலைநோயாற் காப்பி அழிந்தபின் தேயிலையும் பயிரிடப்பட்டன. அப்பணியிற் பெரும்பகுதி தென்னாட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளரின் கைகளால் நடந்தது. அங்கே மண்ணரிப்பை ஆராய 1931-இல் ஒரு குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1951-இல் மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறிருந்தும், கண்டிக்கு அருகே மகாவலி ஆற்றின் குறுக்கே 1976-இல் முடிவுற்ற பொல்கொல்லை நீர்த்தேக்கம், 1988-க்குள் தன் கொள்ளளவில் நூற்றுக்கு 44 பங்கை வண்டலுக்குக் கொடுத்துவிட்டது. புகையிலையும் காய்கறியும் செங்குத்துச் சரிவுகளில் காப்பின்றிப் பயிரிடப்பட்டமையும், மூடாத் தரையுடைய பழைய தேயிலைத் தோட்டங்களும் அதற்குக் காரணங்களாம். அதே மலைகளில், பலாவும் பாக்கும் மிளகும் அடுக்கடுக்காய் வளர்ந்த கண்டி நாட்டு வீட்டுத்தோட்டங்கள் மண்ணை இறுகப் பிடித்து நிற்கின்றன.

நம் ஏரிகளைப் பற்றியும் ஒரு சொல். நம் முன்னோர் கோடையில் ஏரி வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடித்தனர். மேட்டை விட்டு வந்த மண்ணை மீண்டும் நிலத்துக்கே சேர்க்கும் சிறந்த வழக்கம் அது. குடிமராமத்து என்னும் பெயரால் 2017-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் அதற்குப் புத்துயிர் அளித்தது. ஆயினும் ஏரியைத் தூர்வாருதல் கிடங்கைக் காலிசெய்வதே ஆகும். வரவை நிறுத்துவது ஆகாது. ஏரிக்கு மேலே உள்ள புறம்போக்குச் சரிவு வெறுமையாய்க் கிடக்குமாயின், அடுத்த மழைகள் அதனை மீண்டும் நிரப்பும். சமவுயர வரப்பும், வெட்டிவேர் வரிசையும், மேய்ச்சலுக்கு ஓய்வளித்த புல்லும் ஏரியின் கரையைப் போலவே ஏரியின் உறுப்புகள் என்று கருதல் வேண்டும்.

மாணவர் செய்தற்குரியது

இப்பாடத்தைக் கற்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. மழைக்காலத்தில் ஓடை கலங்கி வரும்பொழுது ஒரு கண்ணாடிக் குப்பியில் நீரை முகந்து, ஒரு நாள் அசையாது வைத்தால், அடியில் எவ்வளவு மண் படிகின்றது என்பதைக் காணலாம். வெவ்வேறு ஓடைகளில் ஒரே மழையன்று எடுத்த குப்பிகளை வரிசையாக வைத்து ஒப்பிடலாம்.

ஆனால் குப்பியோடு நின்றுவிடாதிருப்பது நன்று. குப்பி ஓடைமுகத்தின் சாட்சி மட்டுமே. அச்சாட்சி எவ்வளவு மயக்கக்கூடியது என்பதைக் கூன் கிரீக் நமக்குக் காட்டிற்று. ஓடையைப் பின்பற்றி மேலே ஏறிச் சென்று சரிவையே கேட்க வேண்டும். மரங்களின் வேர்கள் தரைக்கு மேல் எவ்வளவு தெரிகின்றன? சிறு கற்களின் அடியில் மட்டும் மண் தூண்போல் எஞ்சி, சுற்றிலும் கரைந்துள்ளதா? வரப்பின் மேற்பக்கம் மண் குவிந்தும் கீழ்ப்பக்கம் தாழ்ந்தும் உள்ளதா? உழவுச் சால் மலையைச் சுற்றிச் செல்கின்றதா, மலையினின்று இறங்குகின்றதா? இவற்றைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதே இடத்தில் மீண்டும் குறிப்பாராயின், நம் மாணவர் எழுதும் குறிப்பேடு பின்வருவோர்க்கு அரிய செல்வமாகும். 1930-களில் யாரோ சிலர் பொறுமையோடு அளந்து வைத்திருந்தமையாலன்றோ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த ஒருவர் உண்மையைக் கண்டறிய முடிந்தது?

ஓர் அங்குல மேல்மண் உண்டாவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும். அது நீங்குவதற்கு ஒரு தலைமுறையின் கவனக்குறைவு போதும். சரிவைக் காப்பவர் தம் வாழ்நாளிலேயே ஓடை தெளியக் காண்பார் என்று நாம் உறுதி கூற இயலாது. ஆயினும் தம் வயலின் மண் நிலைத்திருப்பதை அவர் காண்பார். தெளிந்த ஓடையை அவர் மக்கள் காண்பர்.